ஒரு பிடி துணி

இடுப்பு முப்பது. இல்லை, முப்பதரை இருக்கும். தோள் பதினாலேகால். பரவாயில்லை, பிள்ளை சதை பிடித்துவிட்டாள். அன்றைக்கு இவள் இடுப்பு இருபத்து மூன்றுதான். டேப்பைச் சுற்றினால் பாதிக்கு மேல் என் கையிலேயே தொங்கும். இவள் இப்போது முப்பதரை என்றால் அவள் எவ்வளவு இருந்திருப்பாள்? இருபத்தெட்டு. அதற்கு மேல் போயிருக்க மாட்டாள். அப்பா வாகு, எலும்பு சின்னது. இருபத்தெட்டரை என்று வைத்துக்கொண்டால் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கலாம்.

வாசலில் நின்ற பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உள்ள வரலாமா அத்தை?" என்றாள்.

டெய்லரம்மா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த டேப்பையும் அப்போதுதான் சுருட்டி வைத்தாள். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் கண்ணாலேயே அளந்துவிடுவது இருபது வருஷத் தொழிலில் வந்த பழக்கம். அளந்த கையோடு தன் மகளின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவள் இறந்துபோனதற்குப் பிறகு வந்தது. போய் மூன்றரை வருஷம் ஆகிறது. பதினாறில் போனவளுக்கு அம்மா வருஷா வருஷம் அளவு கூட்டிக்கொண்டே இருந்தாள்.

"இது என்ன கேள்வி குச்சி? வா, உட்காரு. அந்தத் துணியத் தள்ளிட்டு உட்காரு."

குச்சி என்பது மகள் வைத்த பேர். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. தெருவைத் தாண்டி நிற்கும் சோப்புக் கம்பெனி அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு என்று சாயங்கால வகுப்பும் விளையாட்டுப் பயிற்சியும் தொடங்கியபோது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். அந்த வகுப்பில் படித்துத் தேறிய குச்சிக்கு இப்போது கம்பெனியிலேயே வேலை. ஊருக்கு உதவி செய்வதற்கென்று கம்பெனியில் ஒரு பிரிவு இருந்தது, அதில்தான் இருந்தாள். கழுத்தில் அட்டை, தோளில் பை. பட்டப்பேர் மட்டும் மாறவில்லை.

அறையில் ஏற்கெனவே முட்டைக்கடை அக்கா இருந்தாள். மடியில் புருஷனின் கால்சட்டை இரண்டு.

"நல்ல நேரத்துல வந்தே. நீயே நியாயம் சொல்லு," என்று அவள் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். "இவரு காலையில நடக்கப் போறேன்னு நடந்து நடந்து தொப்பையக் கரைச்சுட்டாரு. இடுப்புல நிக்க மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடுடின்னா, மாட்டேங்கிறா."

"நான்தான் யாருக்கும் பிடிக்கிறது இல்லையேக்கா," என்றாள் டெய்லரம்மா. "பிரிச்சு விடணும்னா குடுங்க. இப்பவே பண்ணித் தர்றேன்."

"அப்ப அவருக்குத் திரும்பத் தொப்பை வந்ததும் வர்றேன். இவ ஒரு டெய்லரு! ஊரே ஊதிப் பெருக்கணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

குச்சி சிரித்தாள். டெய்லரம்மாவும் சிரித்துவைத்தாள். அவள் துணியைப் பிரித்து விடுவாள், நீளம் இறக்குவாள், புதிதாகத் தைப்பாள். லூசான துணியைப் பிடித்துத் தைக்கிற வேலை மட்டும் எடுப்பதில்லை. பாதி வரும்படி அதனால் நாலு கடை தள்ளி இருக்கிறவனிடம் போய்விட்டது. கேட்டவர்களுக்குக் கண் சரியில்லை என்றாள், மெஷின் சரியில்லை என்றாள். பிறகு யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

சன்னல் வழியாக எலுமிச்சை வாசனை வந்தது. கம்பெனியில் வாரத்தின் முதல் பாதி எலுமிச்சைச் சோப்பு, பின்பாதி ரோஜா. மழை வரப்போகிறது என்றால் வாசனை மேலே போகாமல் தெருவிலேயே இறங்கிப் படுத்துக்கொள்ளும். உப்புப் பார்க்க வாயில் வைத்த சோறுகூட எலுமிச்சையாக இருக்கும்.

"உங்க கம்பெனி தர்மமாக் குடுக்கிறதுல ஒரு நாள் தவறாம வர்றது இது ஒண்ணுதான்," என்று மூக்கைப் பொத்தினாள் முட்டைக்கடை அக்கா.

"இனிமே இன்னொண்ணும் வருதுக்கா. அதுக்குத்தான் வந்தேன்." குச்சி பையைத் திறந்தாள். "தெருமுனையில பழைய கிடங்கு இருக்குல்ல? அதை இளைஞர் மையமா மாத்துறாங்க. கம்ப்யூட்டர் இருபது. தையல் மெஷின் பத்து. மழை பெஞ்சாலும் பிள்ளைங்க விளையாட உள்ளயே ஒரு கூடம். அடுத்த மாசம் திறப்பு."

"என் பேரனைச் சேத்துக்குவீங்களா? வீட்டுல இருந்தா போனையே தின்னுக்கிட்டு இருக்கான்."

"கூட்டிட்டு வாங்கக்கா. எல்லாரையும் சேத்துக்குவோம்." குச்சி டெய்லரம்மாவின் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "வாசல் சுவரு முழுக்க ஒரே படம் போடப் போறோம் அத்தை. பன்னண்டு அடி உசரம். வேற எது எதையோ காட்டினாங்க. நான்தான் சொன்னேன், வேன்ல இருக்கிற அவ படம்தான் போடணும்னு."

முட்டைக்கடை அக்கா கால்சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"மாமா நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாரு," என்றாள் குச்சி. "ரெண்டு பேரும் போடணும். பழைய சம்மதம் இந்த மாசத்தோட முடியுது. இது அடுத்த அஞ்சு வருஷத்துக்கு."

"போடலைன்னா?"

கேட்டது தன் குரல்தானா என்று டெய்லரம்மாவுக்கே சந்தேகமாக இருந்தது. குச்சி விழித்தாள்.

"போடலைன்னா... சுவத்துல போட முடியாது. வேன்ல இருக்கிறதையும் எடுத்துரணும். ஏன் அத்தை? போடுவீங்கதானே?"

"படிச்சுப் பாக்குறேன் பாப்பா. வெச்சுட்டுப் போ."

"வெள்ளிக்கிழமை காலையில வந்து வாங்கிக்கிறேன்." எழுந்தவள் கதவுவரை போய் நின்றாள். "அந்தப் படத்துல நானும் இருந்தேன் தெரியுமா அத்தை? அவளுக்குப் பின்னாடி, ரெண்டாவது வரிசை. வேனுக்காக வெட்டினப்போ என்னை வெட்டிட்டாங்க. 'உன் முழங்கை மட்டும் மிச்சம்டி, அதுவே அதிகம்'னு சொல்லிச் சிரிச்சா."

அவள் போன பிறகு முட்டைக்கடை அக்கா பெருமூச்சு விட்டாள். "பன்னண்டு அடி! யாருக்குக் கிடைக்கும்? பெத்த வயித்துக்கு அதுவாவது ஆறுதலா இருக்கட்டும். யோசிக்காமப் போட்டுக் குடு."

•

புருஷன் கம்பெனி வேன் ஓட்டினான். பிள்ளைகளை வகுப்புக்கும் மைதானத்துக்கும் ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேன் அது. காலை ஆறு மணிக்கே எடுக்க வேண்டும் என்பதால் வீட்டு வாசலிலேயே நிற்கும். அதன் ஒரு பக்கம் முழுக்க மகள் இருந்தாள். மஞ்சள் டீ-சர்ட், காற்றில் பறக்கிற முடி, கடைவாய்ப்பல் தெரிகிற சிரிப்பு. அவளுக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: 'வளரும் பிள்ளைகளுக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம்.'

அன்றைக்குச் சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கேட்டான். "குச்சி வந்தாளா? போட்டுட்டியா?"

"வந்தா. படிக்கணும்."

"என்ன படிக்கிறதுக்கு இருக்கு? நம்ம புள்ள படம்." டீயில் ரொட்டியை நனைத்தான். இன்றைக்கு அவன் முகத்தில் ஒரு களை ஏறியிருந்தது. "கிடங்க எட்டிப் பாத்துட்டு வந்தேன். சுவத்த வெள்ளையடிச்சு வெச்சிருக்கான். பன்னண்டு அடி. நம்ம வாயாடி நம்மளவிட ரெண்டு பங்கு உசரம் நிப்பா. அண்ணாந்துதான் பாக்கணும்."

வாயாடி. அப்பாவுக்கும் மகளுக்கும் ஓயாத சண்டை. வாயாடி வாயாடி என்று அவன் கத்துவான். 'வாய் இருக்கிறவங்க ஆடுவாங்க, இல்லாதவங்க வேன் ஓட்டுவாங்க' என்பாள் அவள். இப்போது அந்த வாய் திறந்தபடியே சிரித்துக்கொண்டு வேனில் போகிறது. அவன் ஓட்டுகிறான்.

"வேண்டாம்னு சொன்னா வேன்ல இருக்கிறதையும் எடுத்துருவாங்களாம்," என்றாள் டெய்லரம்மா, எங்கோ பார்த்துக்கொண்டு.

"யாரு வேண்டாம்னு சொல்லப் போறா?" என்றான் அவன்.

பாத்திரம் கழுவிவிட்டு வந்து அவள் காகிதத்தை விளக்குக்குக் கீழே வைத்தாள். நாலே வரி. முதல் வரி, படத்தைப் பயன்படுத்தச் சம்மதம். இரண்டாவது, அதற்காக எதுவும் கேட்கப்போவதில்லை. மூன்றாவது, எத்தனை வருஷம். நான்காவது வரியை அவள் விரலை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

'இந்தப் படம் எடுக்கப்பட்ட காலத்தில் எங்கள் மகள் நல்ல உடல்நலத்துடன் இருந்தாள் என்று உறுதி கூறுகிறோம்.'

கீழே புருஷனின் கையெழுத்து. எப்போதும் கிறுக்குகிறவன், இதில் மட்டும் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி எழுதியிருந்தான்.

•

காலையில் அவன் வேன் கழுவுவதை அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் பார்ப்பதுதான். சக்கரத்துக்கு ஒரு வாளி, கண்ணாடிக்கு ஒரு வாளி. படத்துக்கு மட்டும் தனித் துணி, பழைய பருத்திச் சேலையைக் கிழித்தது. நெற்றியிலிருந்து தொடங்குவான். கன்னம், மோவாய், கழுத்து. காதுக்குப் பின்னால் தூசி இருக்கும் என்கிற மாதிரி அங்கே துணியை மடித்து ஒரு தடவை. குளிப்பாட்டுகிறவன் மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே துடைப்பான். படம் எடுத்து அரை வருஷத்தில் அவள் போய்விட்டபோது கம்பெனிக்காரர்களே வந்து கேட்டார்கள், படத்தை எடுத்துவிடலாமா என்று. இருக்கட்டும் என்று சொன்னவன் அவன்தான்.

இடுப்புக்கு வந்ததும் நின்றான். அங்கே, மஞ்சள் துணியின் ஓரத்தில், ஒரு பொட்டு. பழுப்பும் பளபளப்பும் கலந்த மிளகு அளவுப் புள்ளி. துணியை வீசிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தான். தேய்த்தான். நகத்தால் சுரண்டினான்.

"இந்த ஒரு கறை மட்டும் போய்த் தொலைய மாட்டேங்குது," என்றான், அவள் அங்கே நிற்பது தெரிந்து. "எத்தனை வருஷமாத் தேய்க்கிறேன். பன்னண்டு அடிக்கு ஊதினா இது தட்டு மாதிரித் தெரியும். குச்சிகிட்ட சொல்லி எடுக்கச் சொல்லணும்."

அவள் வலது கையின் நடுவிரலில் பித்தளைத் தொப்பி மாட்டியிருந்தது, ஊசி குத்தாமல் இருக்க மாட்டுகிறது. அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

படம் எடுத்த நாள் நல்ல வெயில். அதற்கு ஒரு வாரம் முந்தி கம்பெனியில் அவளைக் கூப்பிட்டு நாற்பது பிள்ளைகளுக்கும் அளவெடுக்கச் சொன்னார்கள். நோட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேராக எழுதிவைத்து, அதைப் பார்த்து ஒரு காகிதத்திலும் எழுதிக் கொடுத்தாள். வந்து இறங்கிய டீ-சர்ட்டுகள் நாற்பதும் ஒரே அளவு. பெரிய ஆளுக்கு ஆகிற அளவு. எங்கேயோ மொத்தமாகச் சொல்லிவைத்திருந்தார்கள். அவள் கொடுத்த காகிதம் யார் மேசையிலோ கிடந்திருக்கிறது. பிள்ளைகள் அதற்குள் நுழைந்து நின்றபோது கொடியில் காயப்போட்ட மாதிரி இருந்தது. 'பின்னால குண்டூசி குத்திருங்கம்மா. முன்னால பாக்க அழகா இருந்தாப் போதும்' என்றார் பொறுப்பாளர். நல்ல மனிதர்தான். அவரே குண்டூசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். நாற்பது முதுகிலும் குத்தினாள். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூட்டை.

சிரித்த முகம் என்று மகளை முன்னால் நிறுத்தினார்கள். படக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, 'முன்னால நிக்கிற பொண்ணுக்கு இன்னும் தொளதொளன்னு இருக்கே' என்றார். குண்டூசி போதவில்லை. அவள் ஓடிப்போய் மகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, துணியைக் கையால் சேர்த்துப் பிடித்தாள். ஒரு பிடி வந்தது. இன்னும் இழுத்தாள். முஷ்டி நிறைந்தது. நிறைந்த முஷ்டி மகளின் முதுகெலும்பில் போய் இடித்தது. கணுக்கணுவாகத் தெரிந்தது எலும்பு.

'அம்மா, கூசுதும்மா! விடும்மா!'

'அசையாதடி. நேரா நில்லு.'

வாயாடி தாங்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தார்கள்.

•

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் தண்ணீர் நின்றதால் பயிற்சி இல்லை; பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் முன்னால் அவள் சோற்றை வைத்தாள், அவித்த முட்டையை வைத்தாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவும்வரை காத்திருந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு அந்தப் பத்து நிமிஷம் தாங்கவில்லை.

"அது கறை இல்லீங்க."

"எது?"

"வேன்ல. இடுப்புக்கிட்ட நீங்க தேய்க்கிறது. அது என் விரலு."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் கையை நீட்டினாள். நடுவிரலில் பித்தளைத் தொப்பி.

"சட்டை பெருசா இருந்துச்சு. பின்னால குந்தி நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். படத்துல என்னை வெட்டிட்டாங்க. இது மட்டும் மாட்டிக்கிச்சு."

அவன் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. "அடிப்பாவி! இத்தனை நாளா சொல்லாம இருந்திருக்கே! நான் பாட்டுக்கு பிரஷ்ஷ வெச்சு..." அவன் சிரித்தே விட்டான். "அப்ப நீயும்தான் வேன்ல வர்றேன்னு சொல்லு. ரெண்டு பேரையும் வெச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"சிரிக்காதீங்க. இன்னும் இருக்கு."

மெஷினின் கீழ் இழுப்பறையிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். மேலே சாக்குக்கட்டித் தூள் படிந்திருந்தது. பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள்.

"பள்ளிக்கூடம் திறந்தப்போ பாவாடைக்கு எடுத்தது. இருபத்தாறரை. ரெண்டு மாசம் கழிச்சு, லூசாயிடுச்சும்மான்னா. இருபத்தஞ்சு. பிடிச்சுத் தைச்சுக் குடுத்தேன். அதுக்கு அப்புறம் படம் எடுக்கிறதுக்கு முந்தின வாரம். இங்க பாருங்க. இருபத்து மூணேகால்."

அவன் எண்களைப் பார்த்தான். அவனுக்கு அவை எண்களாகத்தான் இருந்தன.

"வளர்ற வயசு, உசரம் போடுது, அதான் உடம்பு இறங்குதுன்னு நெனச்சேன். நெனச்சேனா, அதுகூடத் தெரியலை. துணி லூசா இருந்துச்சு. துணிய சரி பண்ணினேன். வேற ஒண்ணும் பண்ணலை. குச்சிக்கு இருபத்து மூணு, இவளுக்கு மூணேகால். 'நீங்க ரெண்டு பேரும் ஒரே அளவாயிட்டீங்கடி, இனிமே ஒருத்தி துணிய ஒருத்தி போட்டுக்கலாம்'னு சிரிச்சேன். என் வாயால சொன்னேன்."

மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டாக்டர் கேட்டாரே," என்றான்.

"ஆமா."

"எத்தனை மாசமா எளைச்சுக்கிட்டு வர்றான்னு கேட்டாரு. நீ தெரியலைன்னே."

"ஆமாங்க."

"கால் இஞ்சு முதக்கொண்டு எழுதி வெச்சிருக்கே."

"ஆமா."

"அப்புறம் ஏன் தெரியலைன்னே?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நீங்க பக்கத்துல நின்னீங்க."

அந்த அறையில் டாக்டர் சொன்னதை இரண்டு பேரும் மறக்கவில்லை. ரத்தத்தில் வந்த நோய். 'மூணு மாசம் முன்னாடி கொண்டாந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம். இது வெளியில தெரியாது, நீங்க என்ன பண்ணுவீங்க' என்றார் அவர். நீங்க என்ன பண்ணுவீங்க. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் புருஷன் அன்றைக்கு நடந்து வெளியே வந்தான். 'நம்ம கையில என்ன இருக்கு, வெளியில தெரியாதாம்' என்று தெருவெல்லாம் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவள் தலையை ஆட்டினாள்.

"நானும்தானே தினம் பாத்தேன்," என்றான் அவன். "ஒரே வீடு. ஒரே சோறு. எனக்கும்தான் தெரியலை."

"உங்க கையில டேப்பு இல்லையே."

அவன் எழுந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. எத்தனையோ நாள் அந்தத் திட்டைத் தனக்குள் அவன் குரலிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவன் செருப்பு போடாமல் மழையில் இறங்கினான். சன்னல் வழியாகத் தெரிந்தது. வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். மழை படத்தை அவன் கழுவுவதைவிட நன்றாகக் கழுவிக்கொண்டிருந்தது. விரலை நீட்டி அந்தப் பொட்டைத் தொட்டான். தேய்க்கவில்லை. வைத்தபடியே நின்றான்.

சாயங்காலம் அவன் டீ கேட்டான், அவள் கொடுத்தாள். ஆறிப்போய் அப்படியே இருந்தது.

•

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. தெருவில் ரோஜா வாசனை முழங்கால் அளவு நின்றது. குச்சி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டி வந்தாள். புருஷன் வேலைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகம் மழிக்கவில்லை.

"நாலாவது வரிய அடிச்சுட்டுத் தர முடியுமா பாப்பா?" என்று கேட்டாள் டெய்லரம்மா.

குச்சி காகிதத்தை வாங்கிப் படித்தாள். "இது கம்பெனி வக்கீலுங்க போடுறது அத்தை. வேற ஊர்ல ஏதோ பிரச்சினை ஆச்சாம். உடம்பு சரியில்லாத பிள்ளைய விளையாட விட்டுட்டாங்கன்னு ஒரு வீட்டுல கேட்டுட்டாங்களாம். அதுலேர்ந்து எல்லாத்துலயும் இது இருக்கு." போனை எடுத்தாள். "இருங்க, கேட்டுப் பாக்குறேன்."

வாசலுக்குப் போய்ப் பேசினாள். கெஞ்சுவது உள்ளே கேட்டது. 'சார், அவ நல்லாத்தான் சார் இருந்தா, நானே கூட இருந்தேன்... ஒரு வரிதானே சார்...' திரும்பி வந்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. ஆனா அதுல என்ன அத்தை இருக்கு? அன்னைக்கு அவ நல்லாத்தானே இருந்தா? ஓட்டத்துல என்னை ஜெயிச்சா."

டெய்லரம்மா அவளைப் பார்த்தாள். முப்பதரை. கன்னம் வைத்த, நிறம் வைத்த, வேலைக்குப் போகிற முப்பதரை. இவளுக்கு என்ன தெரியும், ஜெயித்தது யாரென்று.

"படத்துல ஒரு பிரதி வேணும்னா வாங்கித் தர்றேன் மாமா," என்றாள் குச்சி, புருஷனிடம். ஏதோ சரியில்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சட்டம் போட்டுக் குடுக்கச் சொல்றேன்."

"வீட்டுச் சுவத்துல மாட்டினா செத்தவ படமாயிடும் குச்சி," என்றான் அவன். "வேன்ல இருந்தா என்கூட வர்றா."

குச்சி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "நான் வெளியில நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். நேற்று மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"உன்மேல எனக்குக் கோவம் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலை," என்றான். "அதை அப்புறம் பாத்துக்கலாம். ஆயுசு கிடக்கு. இது இன்னைக்கே வேணும். ஸ்கூல் அட்டையில முறைச்சுக்கிட்டு நிக்கிறா. ஆஸ்பத்திரியில எடுத்ததப் பாக்கவே முடியாது. அவ சிரிச்சது இது ஒண்ணுதான் இருக்கு. காலையில அவ மூஞ்சியத் தொடைச்சாத்தான் எனக்கு வேன் கிளம்பும். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பப் போடு. பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகுது. யாரு வந்து அளக்கப் போறா? எனக்காகப் போடு."

பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவை அவள் கையில் வைத்தான். அவள் காகிதத்தை மெஷின் பலகைமேல் விரித்தாள். அவன் நிறுத்தி நிறுத்தி எழுதிய கையெழுத்துக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள், அளவாக. வெளியே வேனின் மஞ்சள் சன்னல்வரை வந்து நின்றது. அங்கிருந்து பார்த்தால் சிரிப்பு மட்டும் தெரியும்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவுக்கு மூடியைப் போட்டாள். காகிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து, பேனாவையும் சேர்த்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அவளே மூடினாள்.

"அந்தப் பொய்ய டாக்டர்கிட்ட ஒரு தடவை சொல்லிட்டேங்க," என்றாள்.